ஆண்டிபட்டிக்கு வராமலே ஜெயித்தவர்... எம்.ஜி.ஆர் இரண்டு முறை பேச்சை இழந்த கதை!

உங்க வீட்டுல 55 வயசு தாண்டின யாராவது இருந்தா, 1984 தேர்தல் பத்தி ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அதுலயும் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, தேனி பக்கத்துக்காரங்களா இருந்தா, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. வேட்பாளர் ஊருக்கே வரவில்லை. ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. அவர் இருந்தது அமெரிக்காவில், ஒரு மருத்துவமனைக் கட்டிலில். ஊர் ஊராகக் காட்டப்பட்ட வீடியோவில் அவர் சிரிப்பார், சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார். ஆனால், பேச மாட்டார்.

அந்த வேட்பாளர் எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆரைப் பற்றி நீங்கள் எவ்வளவோ படித்திருப்பீர்கள். தொப்பி, கண்ணாடி, சத்துணவு, சத்யா ஸ்டூடியோ என்று எல்லாம் தெரிந்த கதைதான். ஆனால், அவர் வாழ்க்கையை அவருடைய பேச்சு என்கிற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு படித்துப் பாருங்கள், வேறொரு மனிதர் தெரிவார். பேச்சை வைத்தே உயர்ந்து, அதை இரண்டு முறை இழந்து, கடைசியில் தன் வீட்டையே பேச முடியாத பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன மனிதர்.

மதுரை கம்பெனியில் கற்ற பாடம்

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நாவலப்பிட்டியில் பிறந்தார் எம்.ஜி.ராமச்சந்திரன். அப்பா கோபால மேனன், அம்மா சத்யபாமா. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அண்ணன் சக்ரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அந்தக் கம்பெனியின் பெயர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சாப்பாடும் அங்கேதான், படிப்பும் அங்கேதான்.

அப்போதைய நாடகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இன்றைய மாதிரி சட்டையில் செருகுகிற மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறவருக்கும் வசனம் கேட்க வேண்டும். மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று அடித்தே சொல்லிக்கொடுத்த காலம் அது. பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. பதின்ம வயதில் குரல் உடையும். மகரக்கட்டு உடைகிறது என்பார்கள். அது நடந்தால், நேற்றுவரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போட்டவன் இன்று மூலையில் நிற்க வேண்டியதுதான். குரல் போனால் சோறு போகும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வருவதற்குள் 1947 ஆகிவிட்டது. அதன்பிறகு 'மந்திரி குமாரி', 'மலைக்கள்ளன்', 1956-ல் 'மதுரை வீரன்', 1958-ல் 'நாடோடி மன்னன்' என்று ஏறிக்கொண்டே போனார். நம்ம மதுரை மண்ணில் அவர் பெயர் வேரூன்றியது அந்த வருடங்களில்தான். தெளிவான, கொஞ்சம் மென்மையான, வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்லும் குரல் அது. சிவாஜி போலக் கர்ஜிக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் சொல்கிற மாதிரி பேசுவார். அந்தக் குரலை ஜனங்கள் நம்பினார்கள்.

முதல் இழப்பு: 1967

1967 ஜனவரி 12. பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கிறது. சென்னை ராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு நடிகர் எம்.ஆர்.ராதா வருகிறார். பேச்சு வளர்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது. எம்.ஜி.ஆரின் இடது காதுக்குப் பக்கத்தில் பாய்ந்த குண்டு கழுத்துப் பகுதியில் போய்த் தங்கியது. தன்னையும் சுட்டுக்கொண்டார் ராதா. தமிழ் சினிமாவிலேயே தனித்துத் தெரிந்த இரண்டு குரல்கள், ஒரே நாளில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் அங்கிருந்து சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டன. இருவருமே பிழைத்தார்கள்.

தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. பரங்கிமலையில் தி.மு.க வேட்பாளர் எம்.ஜி.ஆர். பிரசாரத்துக்குப் போக முடியாது. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த அவருடைய படம் சுவரொட்டியாகி, தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. 27,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க ஆட்சியைப் பிடித்தது.

இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. கட்டைப் பிரித்த பிறகு நடந்ததைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. உயிர் தப்பியது, பழைய குரல் திரும்பவில்லை. சொற்கள் மழுங்கின. முன்பு கண்ணாடித்துண்டு போல விழுந்த எழுத்துகள், இப்போது எதிலோ சுற்றிவைத்த மாதிரி வெளியே வந்தன. வயது 50. சினிமாவில் குரல்தான் முதல். வேறு யாராவதாக இருந்தால் டப்பிங் ஆளை வைத்துச் சமாளித்திருப்பார். எம்.ஜி.ஆர் அதைச் செய்யவில்லை. பயிற்சி எடுத்தார், சொந்தக் குரலிலேயே நடித்தார்.

சந்தேகம் இருந்தால், 1967 செப்டம்பரில் வெளியான 'காவல்காரன்' படத்தைப் பாருங்கள். சுடப்படுவதற்கு முன்பு எடுத்த காட்சிகளும் பின்பு எடுத்த காட்சிகளும் அதில் கலந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு குரல் இருப்பது தெரியும். ஜனங்களுக்கும் தெரிந்தது. ஆனாலும் படம் ஓடியது. அதன்பிறகு பத்து வருடங்கள், அந்த உடைந்த குரலோடுதான் அவர் உச்சத்தில் இருந்தார். 1971-ல் வெளியான 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கியதும் அந்தக் குரலை வைத்துத்தான்.

மிமிக்ரி கலைஞர்கள் இன்றைக்கு எம்.ஜி.ஆர் குரல் என்று செய்து காட்டுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது குரலைத்தான். நாம் சிரித்துக்கொண்டே கைதட்டுவது ஒரு காயத்தின் சத்தத்துக்கு என்பது நமக்கு அப்போது தோன்றுவதில்லை.

குரல், உச்சரிப்பு, மொழி... மூன்றும் ஒன்றா?

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். ஏன்னா, அடுத்து வரும் கதைக்கு இது தேவை.

பேச்சு போச்சு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் பத்துப் பேருக்குப் பேச்சு போயிருந்தால், பத்தும் ஒரே காரணமாக இருக்காது. மூன்றாகப் பிரித்தால் எளிதாகப் புரியும்.

முதலாவது, குரல். குரல்வளையில் கோளாறு வந்தால் சத்தமே கரகரப்பாகும், இல்லை காற்றாகப் போகும். இரண்டாவது, உச்சரிப்பு. நாக்கு, உதடு, தொண்டை இவற்றின் தசைகளோ அவற்றுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகளோ பாதிக்கப்பட்டால் வார்த்தை குழறும். ழ, ள, ட எல்லாம் நாக்கை மேலே வளைத்துச் சொல்ல வேண்டிய எழுத்துகள். அவையெல்லாம் வழுக்கும். இந்த நோயாளிக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும், வாய்தான் ஒத்துழைக்காது.

மூன்றாவது, மொழி. வாய் நன்றாக இருக்கும், சத்தமும் வரும். ஆனால், மூளையில் சொல்லைத் தேடி எடுக்கும் இடம் பாதிக்கப்பட்டிருக்கும். இதைத்தான் அஃபேசியா என்கிறார்கள் டாக்டர்கள். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், கிட்டத்தட்ட ஒரே ஓர் அசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த நோயாளியை, அவர் இறந்த பிறகு பரிசோதித்தார். மூளையின் இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இன்னொரு வகையை விவரித்தார். இந்த வகை நோயாளிகள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அர்த்தம் இருக்காது. நாம் பேசுவதும் அவர்களுக்குச் சரியாகப் புரியாது.

நம்ம தமிழ்ல இது எப்படி வெளிப்படும்? தமிழ்ச் சொல்லின் வால்தான் பாதி அர்த்தத்தைச் சுமக்கிறது. வந்தேன், வந்தான், வந்தாங்க என்று யார் வந்தது என்பதே கடைசி அசையில்தான் இருக்கிறது. புரோக்கா வகை பாதிப்பில் இந்த வால்கள் உதிரலாம். மகன், ஆஸ்பத்திரி, காசு என்று தனித்தனிச் சொல்லாக வரும். வீட்டில் இருப்பவர்கள்தான் கோத்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு மொழி இருப்பது மூளையின் இடது பக்கத்தில். உடலின் வலது பக்கத்தை இயக்குவதும் இடது மூளைதான். அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்தே போகிறது.

இரண்டாவது இழப்பு: 1984

1972 அக்டோபரில் அ.தி.மு.க பிறந்தது. அடுத்த வருடமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் ஜெயித்து, இரட்டை இலைக்கு முதல் வெற்றி. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1977-ல் எம்.ஜி.ஆர் முதலமைச்சர். 1980-ல் அவர் நின்று ஜெயித்தது மதுரை மேற்கு. 1981 ஜனவரியில் அவர் ஆட்சியில்தான் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். குழறல் இருந்தாலும் மேடையில் அவர் பேச எழுந்து, ரத்த உறவு சொல்லி அழைத்ததுமே கூட்டம் அடங்கிவிடும்.

1984 அக்டோபர் 5. சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. சில நாள்களில் பக்கவாதம் தாக்கியது. உடலின் ஒரு பக்கம் தளர்ந்தது, பேச்சு நின்றது. பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து பார்த்தார். அதே மாதக் கடைசியில் இந்திராவே சுட்டுக்கொல்லப்பட்டார். நவம்பர் 5 அன்று தனி விமானத்தில் எம்.ஜி.ஆரை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. டிசம்பர் 19 அன்று மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி.

இதற்கு நடுவில் சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டது. எம்.ஜி.ஆருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி, அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டி. அவர் உயிரோடு இருக்கிறாரா, நினைவோடு இருக்கிறாரா என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஊரிலும் வதந்தி. அதற்குப் பதிலாகத்தான் மருத்துவமனையில் எடுத்த வீடியோ வந்தது.

நினைச்சுப் பாருங்க. வசனத்தால் வாழ்ந்த நடிகர், வசனமே இல்லாத ஒரு படத்தில். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அவர் கை அசைவையும் சிரிப்பையும் பார்த்து அழுதார்கள். டிசம்பர் 24 அன்று வாக்குப்பதிவு. ஆண்டிபட்டியில் 32,000-க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் எம்.ஜி.ஆர் ஜெயித்தார். அ.தி.மு.க 132 இடங்களைப் பிடித்தது.

இதை அனுதாப அலை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இந்திராவின் மரணமும் காங்கிரஸ் கூட்டணியும் சேர்ந்த அலை அது என்பது உண்மைதான். ஆனால், இன்னொன்றும் அதில் இருக்கிறது. பேச முடியாதவருக்குப் புத்தியும் போயிருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். அந்த ஜனங்கள் அப்படி நினைக்கவில்லை. பேச்சு இல்லாவிட்டாலும் ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று நம்பினார்கள். அரசியலில் அது சரியான முடிவா என்பது தனி விவாதம். நோயாளியைப் பார்க்கும் பார்வையில், அவர்கள் பல படித்தவர்களைவிட முன்னால் இருந்தார்கள்.

பேசாத முதல்வரின் மூன்று வருடம்

1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பினார். பிப்ரவரி 10 அன்று மூன்றாவது முறையாக முதலமைச்சராகப் பதவியேற்றார். நடந்தார், சிரித்தார், கையசைத்தார். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை. சில சொற்கள் வந்தன, அவையும் தெளிவில்லாமல். அவர் சொல்ல வருவதை அருகில் இருந்தவர்கள் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி. ஒருவர் தனக்காகப் பேச முடியாமல் போனால், அவருக்காக யார் பேசுவது என்ற சண்டை வரும். எந்த வீட்டிலும் வரும். சொத்து, சிகிச்சை, சாப்பாடு என எதுவானாலும் அவர் இதைத்தான் சொன்னார் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ஒரு மாநிலமே வீடாக இருந்தால்? கோட்டையிலும் கட்சியிலும் அணிகள் உருவாயின. தலைவரின் மனசு எங்கள் பக்கம் என்று எல்லோருமே சொன்னார்கள். மறுத்துப் பேச அவரிடம் சொற்கள் போதவில்லை.

1986 ஜூலையில் மதுரையில் எம்.ஜி.ஆர் மன்ற மாநாடு. அதில் ஜெயலலிதா அவருக்குச் செங்கோல் கொடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னாளில் ஆயிரம் அர்த்தம் சொல்லப்பட்ட படம் அது. அந்தக் கணத்துக்கு அவரே என்ன அர்த்தம் வைத்திருந்தார் என்பது அவரோடு போய்விட்டது.

1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர் இறந்தார். ஆண்டிபட்டி அவருக்கு வாக்களித்த அதே தேதி, மூன்று வருடம் கழித்து. வயது 70.

அந்தத் தோட்டம் யாருக்கு?

அவர் இறந்த வருடத்தின் தொடக்கத்தில், 1987 ஜனவரியில் உயில் எழுதியிருந்தார். குண்டு பாய்ந்த அதே ராமாவரம் தோட்டத்தில், காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்காகப் பள்ளியும் இல்லமும் நடத்த வழிசெய்திருந்தார். இன்றும் அங்கே அவர் பெயரில் அந்தப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

எத்தனையோ காரியங்களுக்கு அவர் எழுதிவைத்திருக்கலாம். நடிப்புப் பள்ளி, கட்சி அலுவலகம், நினைவுமண்டபம்... இதைத்தான் தேர்ந்தெடுத்தார். சொல்ல நினைத்தது தொண்டைவரை வந்து நின்றுபோகும் வேதனையை அதற்கு முந்தைய இரண்டு வருடங்களாகத் தினமும் அனுபவித்தவர், கையெழுத்துப் போட்டு அழுத்தமாகச் சொன்ன வாக்கியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்...

எம்.ஜி.ஆருக்குத் தனி விமானம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் 108 இருக்கிறது. 1984-ல் இல்லாத ஒரு வாய்ப்பும் இன்று இருக்கிறது. ரத்தக்கட்டால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதனால் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே தொங்குகிறதா? பேச்சு திடீரெனக் குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தூங்கி எழுந்தா சரியாகிடும்னு காத்திருக்காதீங்க. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். மதுரை சுற்றுவட்டாரம் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்று, பதற்றத்தில் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை ஆரம்பிக்கும். பேச்சுப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ, அவ்வளவு பலன். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். டி.வி-யை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். என்ன வேணும் என்று கேட்பதைவிட, காபியா, மோரா என்று இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அவர் திணறும்போது வார்த்தையைப் பிடுங்கி நீங்களே முடிக்காதீர்கள். காது நன்றாகக் கேட்கிறவரிடம் கத்த வேண்டாம், குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சவும் வேண்டாம். முக்கியமாக, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, அவர் இல்லாததுபோலப் பேசாதீர்கள்.

இன்னொரு அதிசயம் உண்டு. சொந்தப் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவர்கள் சிலருக்கு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ண வரும். தினமும் சொன்ன சாமி ஸ்லோகம் வரும். ரொம்பப் பழகிய பாட்டு, வார்த்தையோடு வரும். பாட்டும் பழகிய தொடர்களும் மூளையில் வேறு வழிகளையும் பயன்படுத்துகின்றன. மெட்டில் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் பயிற்சி 1970-களிலிருந்தே இருக்கிறது.

ஆகவே, உங்க தாத்தாவுக்குப் பேச்சு வரலைன்னா, அவர் இளவயசுல ரசிச்ச ஒரு எம்.ஜி.ஆர் பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்துல உட்காருங்க. ஒருவேளை இரண்டாவது சரணத்தில் அவர் உதடு அசையலாம். அசையாவிட்டாலும் பரவாயில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.